பதின்மூன்று வார நர்ஸ்: அமெரிக்க நியூரோ ஐசியுவில் டிராவல் வேலை எப்படி இருக்கும்?

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நியூரோ ஐசியுவில் (மூளை, நரம்பு நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் தங்கை ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இங்கிருந்து அமெரிக்காவுக்கு டிராவல் நர்ஸாகப் போக முடியுமா? வாரத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் டாலர் என்கிறார்களே, உண்மையா? நியூரோ ஐசியு அனுபவம் மட்டும் இருந்தால் அந்த வேலையில் நிற்க முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால், நேராகப் போக முடியாது. அந்தப் பணம் தொற்றுக் காலத்துப் பணம். அனுபவம் உதவும், ஆனால் நீங்கள் எதை அனுபவம் என்று நினைத்திருக்கிறீர்களோ அது மட்டும் போதாது. கடைசிக் கேள்விக்குத்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. 2012இல் கணவரின் விசாவில் டெக்சாஸ் வந்தேன். எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் விசாவில், இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்கத் தொடங்கியது 2015 மே மாதம். அதுவரை சாப்பாட்டு மேசையில் என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாம்பார் தீய்ந்துபோவதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு நியூரோ ஐசியுவில் மூன்று ஆண்டு நிரந்தர வேலை. 2019 முதல் டிராவல். இதுவரை ஐந்து மாநிலங்களில் ஏழு மருத்துவமனைகள் பார்த்தாகிவிட்டது.

டிராவல் நர்ஸ் என்றால் ஊர் சுற்றும் நர்ஸ் என்று நம் உறவினர்கள் பலர் நினைக்கிறார்கள். என் மாமியார் ரொம்ப நாள் விமானத்தில் வேலை என்றே நினைத்திருந்தார். ஓர் ஊர் மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை; ஏஜென்சி ஒன்று இடையில் நின்று ஒரு நர்ஸை அனுப்புகிறது; ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். வாரத்துக்கு மூன்று ஷிப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். வேலை பிடித்து அவர்களுக்கும் தேவை இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

இந்த ஏற்பாட்டுக்கும் நியூரோ ஐசியுவுக்கும் அடிப்படையிலேயே ஓர் உரசல் இருக்கிறது. இதய ஐசியுவில் மானிட்டரும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். நியூரோவில் முதல் கருவி நர்ஸின் கண்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் இந்த நோயாளி எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற ஒப்பீடுதான் வேலையே. ஒப்பிட முன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டுமே. புதிதாக வந்த உங்களுக்கு நோயாளியையும் தெரியாது, அவரை நேற்று பார்த்த நர்ஸையும் தெரியாது, அந்த நர்ஸ் எதைக் ‘கொஞ்சம் தூக்கக் கலக்கம்’ என்று எழுதுவார் என்பதும் தெரியாது.

நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் வெளியிட்டது. கண், பேச்சு, அசைவு மூன்றின் மதிப்பெண்களையும் கூட்டினால் 3 முதல் 15 வரை. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் 11 என்று ஒரே எண்ணாகக் கைமாற்றிக் கொடுத்தால் அதில் ஒன்றும் இல்லை. கண் 3, பேச்சு 3, அசைவு 5 என்றாலும் 11. கண் 4, பேச்சு 1, அசைவு 6 என்றாலும் 11. முதலாமவர் கூப்பிட்டால் கண் திறந்து, சம்பந்தமில்லாத சொல் ஒன்றை உளறி, சொன்னதைச் செய்யாமல், வலித்தால் மட்டும் கையைத் தட்டிவிடுகிறார். இரண்டாமவர் தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாமல், கட்டை விரலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். இருவரும் ஒரே நோயாளி அல்லர். இரவு ஏழு மணிக்கு 11 என்று கேட்டுக்கொண்டு, எட்டு மணிக்கு நீங்களே பார்த்து 11 என்று எழுதினால், இடையில் ஏதோ நடந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே நான் எந்த ஊருக்குப் போனாலும் விடாமல் வைத்திருக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாறும்போது வெளியே மேசையில் உட்கார்ந்து கதை கேட்கமாட்டேன். போகிற நர்ஸையும் அழைத்துக்கொண்டு கட்டிலருகே போய், இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்ப்போம். கண்மணி எவ்வளவு, வெளிச்சத்துக்கு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, இடக்கை தூக்கினால் எத்தனை வினாடியில் தாழ்கிறது, வலியைக் காட்ட எங்கே அழுத்துகிறீர்கள், நெஞ்சிலா, நகக்கண்ணிலா, தோளிலா? அழுத்தும் இடம் மாறினாலே பதில் மாறும். சில இடங்களில் இது விதியாகவே இருக்கிறது. இல்லாத இடங்களில் பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்தவர் முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடம் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. பனி கொட்டும் வடக்கு மாநிலம் ஒன்றில் இரண்டாவது ஷிப்ட். மூளையில் ரத்தநாள வீக்கம் வெடித்து வந்த பெண்மணி. வீக்கத்தை அடைக்கும் சிகிச்சை மறுநாள் காலையில். அதுவரை தலையிலிருந்து ஈவிடி குழாய் வழியாக மூளைத் தண்டுவட நீர் வடிந்துகொண்டிருந்தது. ஈவிடி உங்களுக்குப் பழக்கம்தான்: காது மடலுக்கு முன்னிருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டின் மட்டத்தில் பூஜ்ஜியம், அதற்கு மேல் டாக்டர் சொன்ன உயரத்தில் சொட்டுக்குடுவை. உத்தரவு ‘15’. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த பிறகு மட்டத்தைச் சரிபார்த்து, குடுவையை 15 என்ற கோட்டில் நிறுத்தப் போனேன். எதிரே நின்ற அந்த ஊர் நர்ஸ், நரைத்த தலை, என் கையை மெதுவாகப் பிடித்தார். குடுவையின் அளவுகோலில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் நீர் சென்டிமீட்டர், மறுபக்கம் பாதரச மில்லிமீட்டர். என் முந்தைய மருத்துவமனையில் எல்லா உத்தரவும் சென்டிமீட்டரில். இங்கே பாதரசத்தில். 15 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீர். நான் ஐந்து சென்டிமீட்டர் தாழ்வாக வைத்திருப்பேன், நீர் கூடுதலாக வடிந்திருக்கும். இன்னும் அடைக்கப்படாத வீக்கத்தில் உள்ளழுத்தம் சட்டென்று குறைவது மறுபடி வெடிப்பதற்கு வழிவிடக்கூடியது.

அவர் என்னைத் திட்டவில்லை. “போன மாதம் வந்த டிராவலரும் இதையேதான் செய்தார்” என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் உத்தரவிலேயே அலகை எழுதிவைத்தால் என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. இரண்டாவது நாளே கேட்கும் துணிச்சல் வரவில்லை. மூன்றாவது வாரம் கேட்டேன்.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிராவல் நர்ஸ் செய்யும் தவறுகளில் நான் பார்த்தவரை அறியாமையால் வருவது குறைவு. வேறோர் இடத்தில் சரியாக இருந்த பழக்கத்தால் வருவதுதான் அதிகம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் ஆல்டிபிளேஸ்தான்: கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், 90க்கு மேல் போகக்கூடாது, பத்தில் ஒரு பங்கை உடனே கொடுத்து மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். இப்போது பல இடங்களில் டெனெக்டிபிளேஸுக்கு மாறியிருக்கிறார்கள்: கிலோவுக்கு 0.25, உச்சம் 25, ஒரே ஊசி. அதே டெனெக்டிபிளேஸ் மாரடைப்புக்கு 50 மில்லிகிராம் வரை போகும். எந்த மருத்துவமனை எதில் இருக்கிறது, மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது, கலப்பது நர்ஸா மருந்தாளுநரா என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் இன்னொன்று. கட்டி கரைக்கும் மருந்து பெற்ற நோயாளிக்கு 180/105க்குள் வைக்க வேண்டும். பெறாதவருக்கு 220/120 வரை விட்டுவைப்பார்கள். மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு மேல் எண் 140ஐ ஒட்டி. ஒரே இரவில் இரண்டு கட்டிலில் இரண்டு இலக்கு இருக்கும். கையில் ஓடுகிற நைகார்டிபினும் (அழுத்தத்தைக் குறைப்பது) நார்எபிநெஃப்ரினும் (கூட்டுவது) உங்கள் முடிவில்தான் கூடும், குறையும்.

இங்கே நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் அதிர்ச்சி உண்டு. கோவையில் நீங்கள் நான்கு, ஐந்து நோயாளிகளைக்கூடப் பார்த்திருக்கலாம். இங்கே ஐசியுவில் பெரும்பாலும் இரண்டு பேர். கலிபோர்னியாவில் அது சட்டப்படி கட்டாயம். சுகமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் வெளியே பாயை விரித்துப் படுத்திருக்கும் உறவினர், வார்டு ஆயா, அட்டெண்டர், ட்யூட்டி டாக்டர் என்று பகிர்ந்து செய்கிற பாதி வேலை இங்கே உங்கள் தலையில். குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது, வென்டிலேட்டரோடு சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது, கிளம்பும் முன் ஈவிடியை மூடி, போய்ச் சேர்ந்ததும் திறந்து, மறுபடி மூடி, திரும்பி வந்து மறுபடி மட்டம் பார்ப்பது. வென்டிலேட்டரை மட்டும் சுவாச சிகிச்சையாளர் பார்த்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி தொலைபேசி. இரவு மூன்று மணிக்கு வலக் கண்மணி மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் ஆகிவிட்டது, சுருங்குவது மந்தமாக இருக்கிறது என்றால் நரம்பியல் அறுவை மருத்துவரை எழுப்ப வேண்டியது நீங்கள்தான். ‘சாருக்குத் தொந்தரவு, ஒரு மணி நேரம் பார்க்கலாம்’ என்ற தயக்கத்தை நம் வார்டுகள் நமக்குள் ஆழமாக ஊன்றி வைத்திருக்கின்றன. எனக்கு அது போக இரண்டு ஆண்டு ஆனது. இங்கே கூப்பிட்டதற்காக எரிந்து விழும் டாக்டரும் உண்டு. ஆனால் விசாரணை என்று வந்தால் கூப்பிடாதவரைத்தான் கேட்பார்கள். ரத்த அழுத்தம் ஏறி, நாடி இறங்கி, மூச்சு தாறுமாறாகும் குஷிங் முக்குறி தெரியும்வரை காத்திருந்தால் மூளை ஏற்கெனவே கீழே சரியத் தொடங்கியிருக்கும். பாடப்புத்தகத்தில் எச்சரிக்கை மணி என்று படித்தோம். கட்டிலருகே அது பெரும்பாலும் தாமதச் செய்தி.

பல இடங்களில் இப்போது கண்மணியை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. கண்ணுக்கு நேரே பிடித்தால் அளவோடு 0 முதல் 5 வரை ஒரு குறியீட்டு எண்ணும் தரும். 3க்குக் கீழே என்றால் கவலை. டார்ச்சை வைத்து ‘சுறுசுறுப்பு’, ‘மந்தம்’ என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் டிராவல் நர்ஸுக்கு இது பெரிய வரம், நேற்றைய ஆளின் எண்ணும் இன்றைய என் எண்ணும் ஒரே அளவையில் இருக்கும். எல்லா இடத்திலும் கிடைக்காது. என் பையில் டார்ச் எப்போதும் உண்டு.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் ஒரு குளிர்கால ஒப்பந்தம். மகன் வீட்டுக்கு வந்திருந்த எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி, இடப்பக்க மூளையில் சிறிய பக்கவாதம். கோப்பில் ‘குழப்பம் உண்டு, தெரிந்தவர் பெயரைச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதியிருந்தது. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள், விதிப்படி எல்லாம் சரி. பக்கத்தில் நின்ற தாத்தாவைக் காட்டி, இவர் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டி சிரித்திருக்கிறார், சொல்லவில்லை. மறுபடி கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். நான் போய்க் கேட்டேன்: “உங்க பெரிய பையன் பேர் என்னம்மா?” சொன்னார். பேரன் பேர், ஊர்ப் பேர், தெரு முனைக் கோயில் பேர் எல்லாம் வந்தது. “இவங்க யாரு?” என்று தாத்தாவைக் காட்டினேன். “அவங்கதான்” என்றார் வெட்கத்தோடு. ஐம்பது வருடமாகச் சொல்லாத பெயரை ஐசியுவில் சொல்லுவாரா?

அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை அதே இரவில் இறக்கிவைக்கவும் வேண்டியிருந்தது. வாக்கியங்களில் வேற்றுமை உருபுகள் அங்கங்கே உதிர்ந்திருந்தன. ‘தட்டு’ என்பதற்குப் பதில் ‘கட்டு’ என்று இரண்டு முறை வந்தது. மொழிபெயர்ப்பாளர் பொருளைத்தான் கடத்துவார், அந்த உதிர்வைச் சரிசெய்துவிட்டே கடத்துவார். ஆக, குழப்பம் இல்லை என்பதும் உண்மை, பேச்சில் பாதிப்பு உண்டு என்பதும் உண்மை. இரண்டையும் எழுதிவைத்தேன். சிகிச்சை சம்பந்தமான ஒப்புதல் பேச்சுக்கு மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். ‘நம்மவர்தானே’ என்று நர்ஸ் இறங்கிவிட்டால் பிறகு வம்பு.

இனி பணம். 2020, 2021இல் தொற்றுக்காலத்தில் விகிதங்கள் விண்ணுக்குப் போயின; வாரம் 10,000 டாலர் என்று நியூயார்க்குக்கு விளம்பரம் வந்ததை நானே பார்த்தேன். அந்த வெள்ளம் வடிந்து நாளாகிவிட்டது. இன்றைக்கு நிரந்தர நர்ஸைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கணக்குக்காக, வாரம் 2,300 டாலர் ஒப்பந்தம் என்று வையுங்கள். அதில் மணிக்கு 25 டாலர் வீதம் 36 மணி நேரத்துக்கு 900. மீதி 1,400 வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான படி. அந்தப் படிக்கு வரி கிடையாது. அதுதான் சூட்சுமம்.

ஆனால் வரியில்லாப் படி சும்மா வராது. உங்களுக்கு நிரந்தரமாக ஓர் ஊர் இருக்க வேண்டும், அங்கே வாடகையோ வீட்டுக் கடனோ கட்டிக்கொண்டிருக்க வேண்டும், வேலைக்காக இன்னோர் ஊரில் இரண்டாவது செலவு செய்ய வேண்டும். ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் தங்கும் திட்டமிருந்தால் அது தற்காலிக வேலை ஆகாது. சொந்த வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட்டுவிட்டு, படியையும் வரியில்லாமல் வாங்கிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருமான வரித் துறையிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தால் ஏஜென்சி பக்கத்தில் வந்து நிற்காது. இன்னொரு விளைவையும் யாரும் சொல்வதில்லை. சம்பளச் சீட்டில் வரிக்குரிய ஊதியம் குறைவாக இருப்பதால் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி உதட்டைப் பிதுக்கும். பிற்காலத்தில் வரும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் அந்த 25 டாலரை வைத்துத்தான் கணக்காகும்.

ஒப்பந்தத்தில் பணத்துக்கு அடுத்து நான் தேடுவது மூன்று வரிகள். வாரத்துக்கு உறுதியளித்த மணி நேரம் எவ்வளவு? நோயாளி குறைவு என்று ‘இன்று வரவேண்டாம்’ சொன்னால் யாருடைய நட்டம்? எந்தெந்தப் பிரிவுக்கு மாற்றி அனுப்புவார்கள்? ஆள் இடம் மாற்றும்போது முதலில் எழும்புவது டிராவல் நர்ஸ்தான், எழுதாத சட்டம் அது. நியூரோ என்று எடுத்துவிட்டு இதய அறுவை ஐசியுவுக்கு அனுப்பிய இடமும் உண்டு. பழக்கமில்லாத கருவியோடு நோயாளியைக் கொடுத்தால், ‘இந்தக் கருவியில் எனக்குப் பயிற்சி இல்லை, வேறு நோயாளியைக் கொடுங்கள்’ என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். பொறுப்பேற்ற பிறகு சொன்னால் கேட்பாரில்லை. விடுப்பு வேண்டிய நாட்களையும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். தம்பி திருமணத்துக்கு வாய்மொழி வாக்கை நம்பி டிக்கெட் எடுத்து, கடைசியில் கைப்பேசியில் தாலி கட்டுவதைப் பார்த்தவள் நான்.

பயிற்சி என்று கொடுப்பது சில இடங்களில் இரண்டு ஷிப்ட், சில இடங்களில் ஒன்றே ஒன்று. அதற்குள் மருந்து எடுக்கும் இயந்திரத்தின் கடவுச்சொல், கணினியில் பதிவு முறை, பனிக்கட்டி எங்கே, 23.4 சதவீத உப்புக் கரைசலை யார் கொண்டுவருவார், மானிடால் ஏற்ற வடிகட்டிக் குழாய் எந்த இழுப்பறை என்று எல்லாம் தெரிந்தாக வேண்டும். முதல் இரவே நான் செய்வது: அவசரக் கூப்பிடு எண்ணை அடையாள அட்டையின் பின்னால் எழுதிவைப்பேன், பிறகு மூளை அழுத்தத்தைக் குறைக்கும் இந்த மருந்துகள் இருக்கும் இடத்தை ஒருமுறை நடந்து போய்ப் பார்ப்பேன். உள்மண்டை அழுத்தம் 22ஐத் தாண்டி நிற்கும்போது இழுப்பறை இழுப்பறையாகத் தேட முடியாது.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமம் கேட்கும் நாடு இது. பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஏற்பாடு செய்திருக்கின்றன; அவற்றில் ஒன்றில் நிரந்தரமாகக் குடியிருந்து பல்மாநில உரிமம் வாங்கிவிட்டால் மற்றவற்றிலும் வேலை பார்க்கலாம். டெக்சாஸ் அதில் உண்டு. நல்ல சம்பளமும் நோயாளி எண்ணிக்கைச் சட்டமும் இருக்கும் கலிபோர்னியா அதில் இல்லை, அங்கே தனியாக விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சான்றிதழ்களில் ஏசிஎல்எஸ் (இதயம் நின்றுபோனால் செய்யும் அவசர சிகிச்சைப் பயிற்சி) இல்லாமல் எங்கும் நுழைய முடியாது. பக்கவாத மையங்களில் என்ஐஎச் பக்கவாத அளவுகோல் சான்றும் கேட்பார்கள். சிசிஆர்என் (தீவிர சிகிச்சை), சிஎன்ஆர்என் (நரம்பியல்) என்ற சிறப்பு நர்ஸ் சான்றுகள் இரண்டும் கட்டாயமில்லை. ஆனால் ஓர் இடத்துக்கு முப்பது பேர் விண்ணப்பிக்கும்போது அவைதான் பேசும்.

அந்த வேலையில் நிற்க உடம்பும் மனமும் தாங்குமா என்றும் நீங்கள் நினைக்கலாம். உடம்பு பழகிவிடும். மனத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நியூரோ ஐசியுவில் இளவயதுக்காரர்கள் அதிகம்: பைக் விபத்து, ரத்தநாள வெடிப்பு, காரணம் தெரியாத வலிப்பு. மூளைச்சாவு உறுதிசெய்யும் சோதனைகளில் பக்கத்தில் நிற்பது நர்ஸ். வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் குழாயில் விட்டு, ரத்தத்தில் கரியமில வாயு 60ஐத் தாண்டும்வரை நெஞ்சு ஒருமுறையாவது ஏறுகிறதா என்று எல்லோரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. உறுப்புக் கொடையைப் பற்றிக் குடும்பத்திடம் பேச இங்கே தனி அமைப்பு வரும், நர்ஸ் வாயைத் திறக்கக்கூடாது. நிரந்தர நர்ஸ்கள் அன்று காலை சேர்ந்து டீக்கடை மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்து முட்டையும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். உங்களையும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பத்து ஆண்டுப் பழக்கத்துக்குள் பத்து வாரத்து ஆளுக்கு இடம் சட்டென்று தோன்றாது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை, நோயாளிகளின் முடிவு தெரியாது. ரத்தநாள வெடிப்புக்காரருக்கு நிமோடிபின் என்ற மருந்து 21 நாள். நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தநாளச் சுருக்கம் வருமோ என்று கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருப்போம். பன்னிரண்டாம் நாள் என் ஒப்பந்தம் முடிந்துவிடும். அவர் நடந்தாரா, மகளின் பெயரைச் சொன்னாரா என்று கேட்க அதற்குப் பிறகு எனக்கு உரிமையில்லை, கோப்பைத் திறப்பதும் சட்டப்படி குற்றம். காரில் சின்னக் குக்கர், ஊறுகாய் பாட்டில், ஒரு டார்ச், அதோடு இப்படி முடிவு தெரியாத ஏழெட்டு முகங்கள். இப்படித்தான் ஊர் மாறுகிறேன்.

அப்படியானால் ஏன் இன்னும் இதில் இருக்கிறேன் என்று கேட்டால், ஏழு மருத்துவமனைகளின் ஏழு வழக்கங்களைப் பார்த்த பிறகுதான் எது மருத்துவ அறிவு, எது அந்த ஊர்ப் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் கண் எனக்கு வந்தது. ஒரே இடத்தில் இருபது ஆண்டு இருந்திருந்தால் சென்டிமீட்டர்தான் உலகம் என்று இருந்திருப்பேன். அதோடு வார்டு அரசியல் நம்மைத் தொடாது. பதின்மூன்று வாரத்தில் யார் மீதும் பெரிய கோபம் வளராது.

இனி முதல் கேள்வி. இந்தியாவிலிருந்து டிராவல் ஒப்பந்தத்துக்கு நேராக விசா வாங்கிவந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. சாதாரண நர்ஸ் வேலைக்கு எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா கிடைப்பது அரிது. வழக்கமான வழி இபி-3 என்ற நிரந்தரக் குடியிருப்பு (கிரீன் கார்டு) விசா. நர்ஸ்களுக்கு அதில் தொழிலாளர் துறைச் சான்று தனியாக வாங்கத் தேவையில்லை என்பது சலுகை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பது இதனால்தான். கணவர் வேறு நாட்டில் பிறந்தவர் என்றால் அவருடைய நாட்டு வரிசையில் நிற்க வழி உண்டு. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்களுக்கு நிலைமை வேறு. பதிவுபெற்ற நர்ஸ்களுக்கு டிஎன் என்ற தற்காலிக வேலை அனுமதி ஏற்பாடு இருக்கிறது, டொராண்டோவிலிருந்து வந்து டிராவல் ஒப்பந்தம் பார்க்கும் ஈழத்துத் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. எந்த வழியில் வந்தாலும், இங்கே ஓர் ஐசியுவில் ஒன்று அல்லது இரண்டு ஆண்டு நிரந்தரமாக வேலை பார்த்த பிறகுதான் ஏஜென்சிகள் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதுவும் நல்லதுதான். முதல் நாளே டிராவலராக வந்திருந்தால் நான் மூன்று மாதத்தில் உரிமத்தை இழந்திருப்பேன்.

வரிசை நீளம் என்று சும்மா இருக்காதீர்கள். என்கிளெக்ஸ் எழுதச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நர்ஸிங் கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் மூன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். ஒன்றில் பெயருக்கு முன்னால் இனிஷியல், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் என்று இருக்கும். நம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது. அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வுக் கூடத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சான்றிதழ் சரிபார்ப்பும் மாதக்கணக்கில் நின்றுவிடும். எனக்கு அந்த ஒரு இனிஷியலால் எட்டு மாதம் போனது.